உச்சந்தலையும் போர் தண்ணீரும்

மார்ச் 4, புதன்

இவருடைய கம்பெனியில் ஆண்டுதோறும் கொடுக்கும் டைரி இதுவரை அலமாரியில் கிடந்து பழுப்பேறியதுதான் வழக்கம். இந்த ஆண்டு எழுதுகிறேன். டாக்டர் எழுதச் சொன்னார். எதை எழுத வேண்டும் என்பதையும் சொன்னார். அதை எழுதுவதாக இல்லை. ஆனால் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போனது வீணாகக் கூடாது என்பதால், மற்றதையெல்லாம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

இன்று இரண்டாமாண்டுக்கு வேதியியல் ஆய்வகம். ஒரு மாணவி பிப்பெட்டை உடைத்துவிட்டு, எடுக்கும்போதே உடைந்திருந்தது என்றாள். மாலை லிஃப்டில் எதிர்வீட்டுப் பிரபாவதி. அவள் என்னைவிட அரையடி உயரம். லிஃப்ட் விளக்கு நேர் மேலே. என் உச்சந்தலையைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, நடுவுல இப்பிடி ஆயிருச்சு?"

"கொட்டுது" என்றேன்.

"தண்ணிங்க்கா. போர் தண்ணி" என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அதற்குள் நான்காவது மாடி வந்துவிட்டது. மறுத்துப் பேச நேரமில்லை.

மார்ச் 5, வியாழன்

மறுத்துப் பேச நேரம் இருந்தது. இருவருமே நான்காவது மாடியில்தான் இறங்கினோம்.

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் அடுக்ககத்துக்கு அருவிச்சாரல் என்று பெயர். அருவி கிடையாது, சாரலும் கிடையாது. எண்ணூறு அடி போர் இருக்கிறது. அந்தத் தண்ணீரின் உப்பை எடுக்க ஒரு பிளாண்ட் இருக்கிறது. பிளாண்டில் மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு கொட்ட குப்புராஜ் இருக்கிறார். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வராத இடத்தில் குடியிருப்பவர்களுக்கு வாழ்க்கையில் அது ஒரு குறை. மற்ற குறைகளையெல்லாம் அதன் தலையிலேயே ஏற்றிவிடுவார்கள்.

இன்று காலை சங்கச் செயலாளர் நாச்சிமுத்து சார் வந்தார். இன்சூரன்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீருக்காகப் போராடுகிறார், ஆதாரம்தான் கிடைக்கவில்லை. பிரபாவதி சொல்லி வந்திருக்கிறார். உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று மேலே பார்த்தார். பல நாள் தேடிய ஃபைல் கிடைத்துவிட்ட நிறைவு அவர் கண்ணில் தெரிந்தது.

"மேடம், நீங்க கெமிஸ்ட்ரி புரொபசர். உங்களுக்கே இந்தக் கதின்னா மத்தவங்க நெலமைய நெனச்சுப் பாருங்க" என்றார்.

கெமிஸ்ட்ரி படித்தால் முடி கொட்டாது என்று அவர் எங்கே படித்தார் என்று கேட்கவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதித்து ஒரு அறிக்கை தர முடியுமா என்று கேட்டார். ஆக, புகார் செய்தவளும் நான், ஆதாரமும் நான், ஆய்வுக்கூடமும் நான். சரி என்றேன். காபி கொடுத்தேன்.

இவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து போன பிறகு, "தண்ணியா இருக்குமா?" என்றார். இருக்கலாம் என்றேன். "ம்" என்றார். மோட்டார் பம்பு விற்கும் கம்பெனியில் இருபத்தைந்து ஆண்டுகள் இருப்பவர். தண்ணீரைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது ஆச்சரியம்தான்.

மார்ச் 13, வெள்ளி

பிரபாவதி வீட்டில் காய்ச்சும் எண்ணெயைக் கொண்டுவந்தாள். கரிசலாங்கண்ணி, வெந்தயம், சின்ன வெங்காயம், இன்னும் அவள் வெளியில் சொல்லாத இரண்டு. தலையணை உறை இரண்டு நாளாக ரசப்பொடி டப்பா மாதிரி மணக்கிறது. என் தலையை இப்போது ஒரு படமும் மூன்று மாதம் கழித்து ஒரு படமும் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட அனுமதி கேட்டாள். முகம் தெரியாது என்று உறுதி சொன்னாள். முகம்தான் தெரியலாம், மற்றதுதான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படம் எடுத்துவிட்டாள்.

எண்ணெயை இவரே தேய்த்துவிடுகிறார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன். அரை மணி நேரம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் என் இரண்டு கைகளும் மடியில் இருக்கின்றன.

மார்ச் 19, வியாழன்

மாதத் தேர்வுத் தாள்கள் திருத்தினேன். மேஜைக்கடியில் பெருக்கினேன்.

மார்ச் 20, வெள்ளி

மறுபடியும் பெருக்கினேன்.

இவர் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் பந்து ஒன்று வாங்கி வந்திருக்கிறார். லேப்டாப்பில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு விரல்களுக்கு நல்லதாம். நான் தட்டச்சு செய்வது மாதத்தில் ஒரு நாள், வருகைப் பதிவுக்காக. எங்கிருந்துதான் இப்படியெல்லாம் யோசனை வருகிறதோ. பந்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

டாக்டர் எழுதச் சொன்னதை இன்று எழுதிவிடுகிறேன். ஒரே தடவை.

கொட்டவில்லை. நான்தான் பிடுங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது. விரல் முதலில் சும்மா உலாவும். எல்லா முடியும் அதற்கு வேண்டாம். கொஞ்சம் தடித்து, முறுக்கிக்கொண்டு, மற்ற முடிகளோடு ஒத்துப்போகாமல் நிற்கும் ஒன்றைத் தேடும். கிடைத்தால் இழுக்கும். வேர் முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் வந்துவிட்டால், ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து முடித்த திருப்தி. அடுத்த முடி அகப்படும்வரை அந்தத் திருப்தி நிற்கும். வலிக்காதா என்று டாக்டர் கேட்டார். இழுப்பது வலிப்பதில்லை. இழுக்காமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தலைக்கு விடுமுறை விட்டால் கட்டைவிரல் ஓரத்துத் தோல். அது ரத்தம் வந்தால் நிற்கும், சில நாள் வந்த பிறகும் நிற்காது.

பாதி நேரம் எனக்குத் தெரிந்தே நடக்கிறது. மீதிப் பாதியில், பத்துத் தாள் திருத்தி முடித்த பிறகு மேஜையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இதற்கு ட்ரைக்கோடில்லோமேனியா என்று பெயராம். நாற்பது வயதில் ஒரு சஞ்சிகையில் தற்செயலாகப் படித்தேன். அதுவரை உலகத்திலேயே நான் ஒருத்திதான் இப்படி என்று எனக்குள் ஒரு ரகசிய கர்வம்கூட இருந்தது. தோலுக்கு வேறொரு பெயர், அதுவும் இதே நீளம். இந்தப் பெயர்களை எழுதி முடிக்கும்வரை கை வேறெங்கும் போகாது. இதுவரை நான் கண்ட மருத்துவப் பயன் அது ஒன்றுதான்.

இதை நான் ஏன் யாரிடமும் சொல்வதில்லை என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. முடி கொட்டுவது கௌரவமான துன்பம். அதற்கு எண்ணெய் வரும், ஆறுதல் வரும், சங்கச் செயலாளர் வருவார். தானே பிடுங்குகிறாள் என்றால் ஒரு கேள்வி மட்டும்தான் வரும்: நிறுத்தித் தொலைய வேண்டியதுதானே? முப்பத்தைந்து ஆண்டுகளாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

தண்ணீர்ப் பரிசோதனை முடிந்தது. கடினத்தன்மை அதிகம்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ஷவர் துளைகளில் வெள்ளை பூத்துப்போகும். ஆனால் உச்சந்தலையில் ஒரு வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கிருக்கும் முடிகளை ஒவ்வொன்றாக வேரோடு எடுக்க இந்தத் தண்ணீரால் ஆகாது. இந்தக் கடைசி வாக்கியத்தை அறிக்கையில் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அறிக்கையை நாச்சிமுத்து சார் அடுக்ககத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். அன்றிலிருந்து அருவிச்சாரலில் எல்லோருக்கும் முடி கொட்டுகிறது. முதலில் இரண்டு வீடுகளில்தான் கொட்டியது. இப்போது கொட்டாதவர்கள் வாயைத் திறப்பதில்லை. சீப்பில் வந்ததை ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, செயலாளரிடம் ஒப்படைக்கிறார்கள். சி பிளாக்கில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார். வீடு பார்க்க வந்த அன்றே அவர் தலையில் முடி இல்லை, நானே பார்த்தேன். அவரும் நஷ்டஈடு கேட்கிறார்.

கூட்டத்தில் காட்டுவதற்காக என் தலையின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்களாம். பிரபாவதி சொன்னாள். எடுத்த படம் அவளுடையது என்பதில் அவளுக்குப் பெருமை.

ஏப்ரல் 26, ஞாயிறு

குற்றவாளி கிடைத்துவிட்டார். பிளாண்டில் குப்புராஜ் சரியாக உப்பு போடாததுதான் காரணம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மே 17 பொதுக்குழுவில் தீர்மானம். வேலை போனால் மோட்டார் ரூமை ஒட்டிய அறையையும் காலி செய்ய வேண்டும். அவர் மனைவி கோகிலா கேட்டருகே வண்டி போட்டு எங்கள் எல்லோர் வீட்டுத் துணியையும் இஸ்திரி போடுகிறாள். அதுவும் போகும்.

குப்புராஜ் நல்ல வேலைக்காரர் என்று சொல்ல மாட்டேன். தொட்டி நிரம்பி வழியும்போது கிரிக்கெட் பார்ப்பார். எங்கள் தண்ணீரில் தன் பைக்கைக் குளிப்பாட்டுவார். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதை அடுத்த வீட்டுக்குச் சொல்வார். ஆனால் என் தலையில் அவர் கை வைக்கவில்லை.

மே 3, ஞாயிறு

நாச்சிமுத்து சார் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மிகவும் விஞ்ஞானபூர்வமாகப் பேசினேன். கடின நீரால் முடி வறளலாம், சிக்காகலாம், வழுக்கை விழும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. பரம்பரை, வயது, இரும்புச்சத்து, தைராய்டு என்று எத்தனையோ இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டார். "விஞ்ஞானம் ஒரு பக்கம் இருக்கட்டுங்க மேடம். உங்க தலையே இருக்குதே" என்றார்.

அவர் மனைவி முறுக்குத் தட்டை நீட்டினார். வலது கைக் கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்ததால் இடது கையை நீட்டப் போய், அது மரியாதையில்லை என்று தோன்றி, வேண்டாம் என்றுவிட்டேன்.

மே 10, ஞாயிறு

பல்கலைக்கழகத் தாள் திருத்தும் பணி தொடங்கிவிட்டது. வட்டம் பெரிதாகியிருக்கிறது. பிரபாவதி என் தலையை ஆராய்ந்துவிட்டு, தண்ணீரின் வீரியத்துக்கு முன்னால் எந்த எண்ணெயும் நிற்காது என்று தன் தயாரிப்பைக் காப்பாற்றிக்கொண்டாள்.

காலையில் குப்புராஜ் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். வழக்கமாக எதையாவது வம்பளக்கும் ஆள், வாயைத் திறக்கவே நேரமாயிற்று.

"மேடம், உங்க தலைக்கு நான் என்னங் பண்ணுனேன்?"

கை மேலே போகாமலிருக்கக் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"எம்மேல கோவம்னா நேராச் சொல்லிப்போடுங்க. கோகிலா நேத்துலருந்து சோறு திங்கல. படத்தப் பாத்துப்போட்டு, நம்மனாலயாங்க இப்பிடி ஆச்சுன்னு அழுகறா."

கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அரசு அலுவலகங்களில் நான் வெறுக்கும் வாக்கியம் அது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார், லிஃப்டைக் கூப்பிடவில்லை.

மே 14, வியாழன்

எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். மருத்துவப் பெயரோடு தொடங்கினால் பாதிப்பேர் தண்ணீரிலிருந்து வரும் கிருமி என்று நினைத்துவிடுவார்கள். பெயர் இல்லாமல் தொடங்கினால் பைத்தியம் என்பார்கள். மூன்றாவது வழி, கூட்டத்துக்குப் போகாமலிருப்பது. அன்று ஒரு கிரகப்பிரவேசம் இருக்கிறது. பத்திரிகையைத் தேடி எடுத்து வைத்தேன்.

மே 16, சனி

பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது, கிரகப்பிரவேசம் போன வாரமே முடிந்துவிட்டது.

மே 17, ஞாயிறு

கூட்டம் காலை பதினொரு மணிக்கு, பார்ட்டி ஹாலில். வாசலில் என் தலை. மூன்றடிக்கு இரண்டடி. அதன் கீழே சிவப்பு எழுத்தில் ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று இருந்தது. உள்ளே போகிறவர்கள் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்வரிசையில் எனக்கு நாற்காலி. இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து சார் இருபது நிமிடம் பேசினார். ஜிப் கவர்களைத் தாம்பாளத்தில் வைத்துச் சுற்றில் விட்டார்கள். சந்தனம், கல்கண்டு மாதிரி எல்லோரும் தொட்டுப் பார்த்து அடுத்தவருக்கு நகர்த்தினார்கள். குப்புராஜ் கதவோரம் நின்றிருந்தார், தோளில் ஈரத்துண்டோடு. கோகிலா வரவில்லை. நாச்சிமுத்து சார் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "பாதிக்கப்பட்ட மேடமே ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்று மைக்கை என்னிடம் கொடுத்தார்.

கல்லூரியில் இருபத்து நான்கு ஆண்டுகள் மைக் இல்லாமலே பேசியிருக்கிறேன். இன்று மைக்கில்கூட என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என் முடி கொட்டல. நானே பிடுங்கறேன்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நகைச்சுவையோடு தொடங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். சின்ன வயதிலிருந்து இருக்கிறது, இது ஒரு நோய், இதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை, குப்புராஜுக்கும் சம்பந்தமில்லை என்றேன். பிறகு அந்த நீளமான பெயரைச் சொன்னேன். அது எந்தத் தண்ணீரில் வரும் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

நாச்சிமுத்து சார் என் பக்கம் குனிந்து, மைக்கில் விழாதபடி சொல்வதாக நினைத்து மைக்கிலேயே சொன்னார்: "ஏனுங் மேடம், அவன் வந்து உங்ககிட்ட அழுதானாக்கும்? எரக்கப்பட்டு இப்பிடியெல்லாம் உங்க மேலயே போட்டுக்காதீங்க."

"அதான நானும் பாக்கறேன்" என்றாள் பிரபாவதி. "காலேஜ்ல பாடம் நடத்தறவங்க, ஆரு போயி அவிங்க முடிய அவிங்களே புடுங்குவாங்க? எங்களுக்கெல்லாங் கொட்டுதே, அதையும் நாங்களே புடுங்கிக்கிறமா?"

சீப்பில் கொஞ்சம் வருவது எல்லோருக்கும் வருவதுதான் என்றேன். இது யாருக்கும் பிடிக்கவில்லை. ராணுவக்காரர் எழுந்து நின்றே மறுத்தார். நான் விடாமல் விளக்கினேன். முடி எத்தனை நாள் வளரும், எப்போது தானாக உதிரும், உதிர்ந்த முடியின் வேர் எப்படி இருக்கும், பிடுங்கிய முடியின் வேர் எப்படி இருக்கும். வகுப்பு எடுக்கும் குரல் எனக்குத் திரும்பிவிட்டது. நன்றாகவே எடுத்தேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஹால் மெல்ல மெல்ல அமைதியாயிற்று. நாச்சிமுத்து சார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. பிரபாவதி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இடது கை எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது. ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒன்று இருந்தது. கீழே, பச்சைச் சேலையின் மடிப்பில், இன்னும் சில.

கையை இறக்கினேன். அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. மைக்கைக் கொடுக்க அந்தக் கையையும் சேர்த்து நீட்ட வேண்டியிருந்தது.

தீர்மானத்தை யாரும் ஓட்டெடுப்புக்கு விடவில்லை, வாபஸ் வாங்கவும் இல்லை. நாச்சிமுத்து சார் கனைத்துக்கொண்டு, அடுத்த விஷயம் விருந்தினர் பார்க்கிங் என்றார். அதுபற்றி உடனே பத்துப்பேர் பேசத் தொடங்கினார்கள். பார்க்கிங்கில் இவ்வளவு ஆர்வம் இருந்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. நான் வெளியே வந்தபோது யாரோ படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மரியாதைக்காகத்தான் இருக்க வேண்டும்.

லிஃப்ட் அருகே குப்புராஜ் பின்னாலேயே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லத் தயாரானேன்.

"மேடம், உங்ககிட்டச் சொன்னா என்னங்" என்று குரலைத் தாழ்த்தினார். "இந்த ஐபிஎல் ஆரமிச்சதுலருந்து உப்பு அவ்வளவா போடலீங். அது நெசந்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு. இனிமேல் போடுங்கள் என்றேன். "போட்டர்றனுங்" என்று லிஃப்ட் பொத்தானை அவரே அழுத்தினார்.

கதவு மூடுமுன் இவர் வந்து ஏறிக்கொண்டார். வீட்டுக்குள் போனதும் குக்கரில் அரிசியைப் போட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசியைக் களைந்தபடியே சொன்னார்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு முன்னால அசோசியேஷன்ல சொல்லிட்டே."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"கல்யாணமான புதுசுல வால்பாறை போனமே, பஸ்ல. நீ ஜன்னல் ஓரம் உக்காந்திருந்தே."

இருபத்து மூன்று ஆண்டுகளாகக் குளியலறைக் கதவைத் தாழிட்டிருக்கிறேன். தலையணையைத் தட்டி விரித்திருக்கிறேன். எண்ணெய் தேய்க்க வரும்போது வட்டத்தை மறைத்து வகிடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்தறேன்னு சொல்லுவே. முடியாது. அப்பறம் எங்கிட்டயும் ஒளிப்பே." குக்கரை மூடினார். "எனக்குத் தெரியறது வேற சுகுணா. நீ சொல்றது வேற இல்லையா? அந்த நாச்சிமுத்துகூட அத உன் வாயால எனக்கு முன்னால கேட்டுட்டான்."

சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு அவர் ரசம் ஊற்றினார். அவருக்கு நான் ஊற்றவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மே 18, திங்கள்

இன்று தாள் திருத்தப் போகவில்லை. தலைவலி என்று தகவல் சொல்லிவிட்டேன்.

காபி கலந்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இவர் செருப்புக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்றேன்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"எனக்கு முடி கொட்டலைங்க. நாந்தான் பிடுங்கறேன்."

நேற்று நூறு பேருக்கு முன்னால் சொன்ன அதே வாக்கியம். இன்று முடிக்க நேரமாயிற்று. நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அவர் முதல்முறை கேட்கிறவர் போலவே கேட்டார். தலையாட்டவில்லை, தெரியும் என்ற முகம் காட்டவில்லை.

எல்லோரும் நிறுத்த வேண்டியதுதானே என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர், "எப்பருந்து?" என்றார்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை மேலே போனது. அவர் அதைப் பார்த்தார். பிடித்து இறக்கவில்லை. "ம், அப்பறம்?" என்றார்.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவருமே சொல்லவில்லை. பத்தாம் வகுப்புவரைதான் வந்திருக்கிறேன்.